பிவானியின் நீளக் கை

கிரேட்டர் நொய்டா

டெல்லிக்குக் கிழக்கே யமுனையைத் தாண்டினால், பாதி எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளும் ஆளரவமற்ற அகலச் சாலைகளுமாக விரிகிறது கிரேட்டர் நொய்டா. இன்னும் ஊராகி முடியாத இடம். கடைத்தெரு என்று தனியாக ஒன்று கண்ணில் படுவதில்லை; சாலை முனைகளில் தள்ளுவண்டிக்காரர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் சுட்டு, துண்டு போட்டு, எலுமிச்சையும் மசாலாவும் தூவித் தருகிறார்கள். வடக்கத்திக் குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் விஜய் சிங் பதிக்கின் பெயர் தாங்கிய விளையாட்டு வளாகம் இங்கேதான் உள்ளது. 2025 நவம்பரில் உலகக் கோப்பைக் குத்துச்சண்டையின் இறுதிக் கட்டம் நடந்தது இந்த வளாகத்தில்தான். இந்தியா இறக்கிய 20 பேரும் பதக்கத்தோடு திரும்பினார்கள். 9 தங்கம், அதில் 7 பெண்களுடையது. 57 கிலோ பிரிவில், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற தைவானின் வூ ஷி-யியை 4-1 என்று வீழ்த்தித் தங்கம் எடுத்தவர் ஜாஸ்மின் லம்போரியா. ஹரியானாவின் பிவானியைச் சேர்ந்தவர். அப்போது வயது 24.

இந்த வெற்றியிலிருந்து கணக்கைத் தொடங்கினால் தப்பாகிவிடும். இறங்கிய இருபது பேருக்கும் பதக்கம் கிடைத்தது என்றால், களம் சிறியது என்றுதான் பொருள். உள்ளூர் அரங்கு, உள்ளூர்க் கூட்டம், வராமல் போன வெளிநாட்டு வீரர்கள் என்று கழிக்க வேண்டியவை இருக்கின்றன. கழித்தே விடுவோம். கழித்த பிறகும் மிஞ்சுவது அதற்கு இரண்டு மாதம் முன்பு லிவர்பூலில் நடந்தது. 2025 செப்டம்பரில் அங்கே நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜாஸ்மின் 57 கிலோ தங்கத்தை வென்றார். முன்காலிறுதியில் பிரேசிலின் ஜுசியெலன் ரொமேயு, காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் மமஜோனோவா, அரையிறுதியில் வெனிசுலாவின் அல்காலா, மூவர் மீதும் 5-0. இறுதியில் எதிரே நின்றவர் பாரிஸில் வெள்ளி வென்ற போலந்தின் யூலியா ஷெரெமெட்டா. கைகளைத் தொங்கவிட்டு, எதிராளியை வா வா என்று அழைத்து, வந்ததும் நழுவித் திருப்பி அடிக்கும் ஆட்டக்காரி அவர். முதல் சுற்றில் அந்தக் கால்வேகத்துக்கு ஈடுகொடுக்க ஜாஸ்மின் சிரமப்பட்டார். இரண்டாவதில் தூரம் பிடிபட்டது. முடிவு 4-1.

அந்த 4-1ஐயும் அப்படியே விழுங்கக் கூடாது. இரண்டு நடுவர்கள் 30-27 என்று மூன்று சுற்றையும் ஜாஸ்மினுக்கே கொடுத்தார்கள். இரண்டு பேர் 29-28. ஒருவர் 28-29 என்று போலந்துக்குக் கொடுத்தார். ஒரே ஒரு சுற்று வேறு மாதிரி போயிருந்தால் இரண்டு சீட்டுகள் புரண்டு தங்கமே கைமாறியிருக்கும். ஆனால் ரொமேயுவோடு நடந்த இரண்டு சண்டைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வேறொன்று தெரிகிறது. ஜூலையில் அஸ்தானா உலகக் கோப்பை இறுதியில் அதே பிரேசில் பெண்ணை ஜாஸ்மின் வென்றது 4-1. இரண்டு மாதத்தில் லிவர்பூலில் 5-0. முன்பே நம்மோடு சண்டையிட்ட ஒருவர் அடுத்த முறை வரும்போது, நம் பலவீனம் என்ன என்று பாடம் படித்துக்கொண்டுதான் வருவார். அப்படி வந்தவருக்கு எதிராக வித்தியாசம் கூடியிருக்கிறது. இவர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

ரோத்தக்

டெல்லியைக் குறுக்காகக் கடந்து மேற்கே பகதூர்கட்டைத் தாண்டியதும் தொழிற்சாலைகள் ஓய்ந்து, சாலையின் இரு பக்கமும் கோதுமைப் பச்சையும் கடுகுப்பூ மஞ்சளும் தொடங்குகின்றன. காலைப் பனி இறங்கும் நாளில் மஞ்சள் மட்டும் முதலில் தெரியும். வயல் பிறகு வரும். ரோத்தக் கடைவீதியில் குளிர்காலம் முழுக்க ரேவடியும் கஜக்கும் குவித்து வைத்திருக்கிறார்கள். இரண்டுமே எள்ளும் இனிப்புப் பாகும் சேர்ந்தவை. நம் எள்ளுருண்டைக்குப் பங்காளிகள். கஜக்கைத் தட்டித் தட்டித் தாள் தாளாக ஆக்கிவிடுவதால் வாயில் போட்டதும் உடைகிறது.

இந்த மாவட்டத்தில் ருர்க்கி என்று ஒரு கிராமம். உத்தரகண்டின் ரூர்க்கி வேறு. லிவர்பூலில் 48 கிலோ தங்கம் வென்ற மீனாட்சி ஹூடா இந்த ஊர். ஆட்டோ ஓட்டுநரின் மகள். நொய்டாவில் 60 கிலோ தங்கம் வென்ற பர்வீன் ஹூடாவும் இதே ஊர். ஜாஸ்மினின் கதையில் பர்வீனுக்கு ஓர் இடம் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 57 கிலோ இடத்தை இந்தியாவுக்கு முதலில் பெற்றுத் தந்தவர் பர்வீன்தான். ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தான் எங்கே இருக்கிறோம் என்ற விவரத்தை உரிய நேரத்தில் பதிவு செய்யத் தவறியதால் அவர் தடை செய்யப்பட்டார், இடமும் பறிபோனது. அந்த இடத்தை மீட்கத்தான் அதுவரை 60 கிலோவில் ஆடிக்கொண்டிருந்த ஜாஸ்மின் அவசரமாக எடை இறக்கி பாங்காக் தகுதிப் போட்டிக்கு அனுப்பப்பட்டார். ஜூன் தொடக்கத்தில் தகுதி பெற்றார். ஜூலை 30 அன்று பாரிஸில் முதல் சண்டை. எதிரே டோக்கியோவில் வெள்ளி வென்ற பிலிப்பைன்ஸின் நெஸ்தி பெத்தேசியோ. முடிவு 0-5. ஒரே சண்டையோடு ஜாஸ்மினின் ஒலிம்பிக் முடிந்தது.

பாரிஸைக் காட்டித்தான் பலரும் இவர் மீது சந்தேகம் கிளப்புகிறார்கள். உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வெல்வது, ஒலிம்பிக்கில் முதல் வாரமே மூட்டை கட்டுவது, இதுதானே நம் வழக்கம் என்று கேட்கிறார்கள். 2022, 2023 இரண்டிலும் உலகத் தங்கம் வென்ற நிகத் ஜரீன் பாரிஸில் முன்காலிறுதியில் சீனாவின் வூ யூவிடம் 0-5 தோற்றார். 2023 உலகச் சாம்பியன் லவ்லினா காலிறுதியோடு நின்றார். விஜேந்தர், மேரி கோம், லவ்லினா ஆகியோரின் மூன்று வெண்கலங்களைத் தாண்டி இந்தியக் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் எதையும் கண்டதில்லை. இறுதிச் சண்டைக்கு இதுவரை ஒருவர்கூடப் போனதில்லை. இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் நிகத்தின் தோல்வியில் பாதி, தரவரிசை இடம் இல்லாமல் முதல் நிலை வீராங்கனையை முன்கூட்டியே சந்திக்க நேர்ந்ததால் வந்தது. ஜாஸ்மினின் பாரிஸ் தோல்வியோ, அவசரமாக இறக்கிய எடையில் சில வாரமே பழகிய உடம்பு பெற்ற தோல்வி. அந்த எடையில் ஓர் ஆண்டு முழுதாக ஆடியபின் அவர் அஸ்தானா, லிவர்பூல், நொய்டா மூன்றையும் வரிசையாக வென்றிருக்கிறார். பாரிஸில் பெத்தேசியோ அரையிறுதியில் தோற்றது ஷெரெமெட்டாவிடம். லிவர்பூலில் ஷெரெமெட்டா தோற்றது ஜாஸ்மினிடம். குத்துச்சண்டையில் இப்படிச் சங்கிலி போட்டுக் கணக்கு முடிப்பது ஆபத்துதான். ஒருவரின் பாணி இன்னொருவருக்கு ஒத்து வராமல் போகும். ஆனாலும் பாரிஸின் மேடையில் ஏறியவர்களோடு இவர் இப்போது சமதளத்தில் நிற்கிறார் என்று சொல்ல இது போதும்.

பிவானி

ரோத்தக்கிலிருந்து மேற்கே போகப் போக மண்ணில் மணல் கூடுகிறது. ராஜஸ்தானின் வாசல் அருகில்தான். பிவானிக்கு இரண்டு பட்டப் பெயர்கள். கோயில்கள் மிகுந்ததால் சின்னக் காசி. குத்துச்சண்டைக்காரர்கள் மிகுந்ததால் குட்டிக் கியூபா. 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் வெண்கலம் வென்று, அகில் குமாரும் ஜிதேந்தரும் காலிறுதி வரை போன பிறகு இரண்டாவது பெயர் நாடு முழுக்கப் பரவியது. மூவரும் ஜக்தீஷ் சிங்கின் பிவானி பாக்ஸிங் கிளப்பில் கையுறை மாட்டியவர்கள். பழைய ஊரின் சந்துகளில் திண்ணை வைத்த ஹவேலிகள், வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்ட கயிற்றுக் கட்டில்கள், நடுவில் ஹூக்கா, சுற்றிலும் தலைப்பாகைப் பெரியவர்கள். அவர்களிடம் ஜாஸ்மினைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு நேராக ஹவா சிங்குக்குப் போய்விடுகிறது.

ஹவா சிங்கை நம் பக்கத்தில் பலருக்கும் தெரியாது. 1961 தொடங்கி 11 முறை தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற கனஎடை வீரர் அவர். ராணுவத்தில் கேப்டன். 1966, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுகள் இரண்டிலும் தங்கம். ஓய்வுக்குப் பின் பிவானியில் பயிற்றுநராக இருந்து ஊருக்கே குத்துச்சண்டை சொல்லித் தந்தவர். துரோணாச்சாரியா விருதை வாங்கச் சில நாட்களே இருக்கையில் 2000 ஆகஸ்டில் இறந்துபோனார். லிவர்பூலில் 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வென்ற நூபுர் ஷியோரன் அவருடைய பேத்தி. ஜாஸ்மினுக்கு ஹவா சிங் கொள்ளுத் தாத்தா முறை. ஜாஸ்மினின் சித்தப்பாக்கள் சந்தீப், பர்விந்தர் இருவரும் குத்துச்சண்டைக்காரர்கள். அவர்கள் நடத்தும் அகாடமியில்தான் இவர் கற்றார். ஆகவே, ரத்தத்தில் இருந்தது வந்தது என்று ஊர் சொல்கிறது. இதை ஏற்க முடியவில்லை. பாரிஸில் 0-5 தோற்றபோதும் அதே ரத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வம்சம் இவருக்குக் கொடுத்தது வேறு. பெண் பிள்ளை முகத்தில் அடி வாங்குவதைப் பற்றி மற்ற வீடுகளில் நடக்கும் தகராறு, இந்த வீட்டில் ஓரிரு பேச்சில் தீர்ந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. பயிற்சி வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. கொள்ளுத் தாத்தாவின் பெயரைவிட இது பெரிய சொத்து.

இங்குள்ள பயிற்சிக் கூடங்களில் நாள் தொடங்கும்போது வெளியே இன்னும் இருட்டு. ஒரு சிறுமி கைக்கட்டு சுற்றுவதைப் பார்த்தாலே இந்த ஊரின் பக்குவம் புரியும். துணிநாடாவின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து, மறுபடி மணிக்கட்டுக்கு வந்து ஒட்டுகிறாள். கண் நாடாவில் இல்லை, ரிங்கில் ஆடும் அக்காவின் கால்களில் இருக்கிறது. பிறகு கயிறு தாண்டல், நிழல் சண்டை, மணல் பை. பயிற்றுநர்கள் ஓயாமல் திருத்துவது முன்னால் நிற்கும் கையால் நேராகக் குத்தும் ஜாபை. குத்திவிட்டுக் கை எந்த வழியில் போனதோ அதே வழியில் கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். தாழ்ந்து திரும்பினால் அந்த இடைவெளியில் எதிராளியின் பக்கவாட்டுக் குத்தான ஹூக் வந்து விழும். ஜாஸ்மினின் ஆட்டம் மொத்தமும் இந்த ஒரு பாடத்தின் மேல் நிற்கிறது. அவர் எடைப் பிரிவுக்கு நல்ல உயரம். கை நீளம். எதிராளி தன்னைத் தொட ஓரடி உள்ளே வந்தாக வேண்டும், தானோ நின்ற இடத்திலிருந்தே தொடலாம் என்ற நிலையை ஜாபால் உண்டாக்கி, அதைக் காலால் காப்பாற்றுகிறார். லிவர்பூல் இறுதியின் இரண்டாம் சுற்றிலிருந்து நடந்தது அதுதான்.

இந்த நீளக் கைக்கு ஒரு விலை உண்டு. அது தட்டில் தெரிகிறது. பிவானி கம்பு விளையும் பூமி. நாம் கூழாகக் கரைத்துக் குடிக்கும் கம்பு இங்கே ரொட்டியாகிறது, குளிர் நாளில் பயறு சேர்ந்த கிச்சடியாகிறது. இரண்டின் மேலும் நெய் ஓடுகிறது. கூடவே வெண்ணெய் மிதக்கும் மோர், கடுகுக் கீரை, வெல்லக் கட்டி. விருந்தாளியின் தட்டில் ரொட்டியை நெய் விடாமல் வைப்பது இங்கே மரியாதைக் குறைவு. இப்படியொரு சமையற்கட்டில் வளர்ந்த உயரமான பெண் 57 கிலோவில் நிற்க வேண்டும். அதுவும் சண்டை இருக்கும் ஒவ்வொரு நாள் காலையும் தராசில் ஏறிக் காட்ட வேண்டும். உயரத்தால் கிடைக்கும் லாபத்தைப் பட்டினி தின்றுவிடக் கூடாது. பாரிஸில் அவசரமாக எடை இறக்கிய உடம்பு என்ன ஆனது என்று பார்த்தாயிற்று. 2025இன் வெற்றிகளில் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது, எடையைப் பிடித்துக்கொண்டே கடைசிச் சுற்றில் வேகம் குறையாமல் ஆட அவர் கற்றதுதான். லிவர்பூலில் இந்தியா வென்றது நான்கு பதக்கம். பிவானியின் பூஜா ராணி 80 கிலோவில் வென்ற வெண்கலம் நான்காவது. நான்கில் ஒலிம்பிக்கில் இடம்பெறும் எடை ஜாஸ்மினின் 57 கிலோ ஒன்றுதான். மீனாட்சியோ நூபுரோ லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டுமானால் எடையை மாற்றியாக வேண்டும். ஜாஸ்மினுக்கு அந்தப் பாடு முடிந்துவிட்டது.

அரசு கொட்டும் பணத்துக்காகத்தானே இந்த ஊர்க்காரர்கள் பெண்களைக் கையுறை மாட்ட அனுப்புகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஹரியானா ஒலிம்பிக் தங்கத்துக்கு 6 கோடி ரூபாய் தருகிறது. அரசு வேலையும் உண்டு. இருக்கட்டுமே. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 834 பேர்தான் என்று நின்ற மாநிலம் இது. பெண் பிறந்தால் நஷ்டம் என்று கணக்குப் போட்ட சமூகத்தில், மகளால் வீடு நிமிரும் என்ற எதிர்க்கணக்கு நுழைந்தது நல்லதே. 2022இல் இந்திய ராணுவத்தில் சேர்ந்த முதல் பெண் குத்துச்சண்டை வீராங்கனை ஜாஸ்மின். அதன் பிறகு இங்கே பதினாறு வயதுப் பெண் தன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது ராணுவத்தின் பெயரும் வருகிறது. பணம் கூடத்தின் வாசல் வரை கூட்டி வரும். ஆறு மாதம் கழித்தும் விடியலில் எழுந்து வரச் செய்வது பணம் இல்லை.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த ஊர் புதிதாகத் தெரியாது. பரம்பரைகளாகப் பிரிந்து குத்துச்சண்டை வளர்த்த மண் அதுவும். 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தேவராஜன் சென்னையிலிருந்து போனவர். நமக்கு ரோஷமும் ரசிகர்களும் குறைந்ததில்லை. ஓய்ந்த வீரர் அதே தெருவில் கூடம் திறந்து அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க, அந்தத் தலைமுறைக்கு ராணுவமும் காவல்துறையும் வேலை கொடுக்க, அவர்கள் திரும்பி வந்து இன்னொரு கூடம் திறக்கும் அந்தச் சுழற்சி பிவானியில் அறுபடவில்லை. வடசென்னையில் அறுந்துபோனது.

பாட்டியாலா

வடக்கே பஞ்சாபுக்குள் நுழைந்ததும் மணல் விலகி, வாய்க்காலும் யூகலிப்டஸ் வரிசையும் வருகின்றன. மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் பாட்டியாலாவில் இருக்கிறது. பிவானியும் ருர்க்கியும் வளர்த்துக் கொடுத்த பெண்கள் வந்து சேரும் இடம் இதுபோன்ற தேசிய முகாம்கள்தான். இங்கே குடும்பமும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. ஜாஸ்மினின் மீதிப் பயணம் இந்த முகாம் அவருக்கு யாரை எதிரே நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

ஏனென்றால் இரண்டு குறைகள் மிஞ்சியிருக்கின்றன. தூரம் பிடிபடும் வரை முதல் சுற்றில் தடுமாறுகிறார். மூன்றே சுற்றுச் சண்டையில் அது மூன்றில் ஒரு பங்கைப் பணயம் வைப்பது. பெத்தேசியோ மாதிரி குள்ளமாக, தலை தாழ்த்தி, ஜாபுக்குக் கீழே நுழைந்து விலாவில் அடிப்பவர்களிடம் கை நீளம் உதவாது. அங்கே கீழிருந்து மேலே குத்தும் அப்பர்கட்டும் தோளால் அணைத்துத் திருப்பும் வித்தையும் வேண்டும். லிவர்பூலில் அவர் வென்றவர்களில் முக்கியமானவரான ஷெரெமெட்டா தூரத்திலிருந்து ஆடுபவர். நெருங்கி முட்டும் ஆட்டத்தில் ஜாஸ்மின் எப்படி என்பதற்குப் பெரிய மேடையில் இன்னும் பதில் கிடைக்கவில்லை. பாரிஸில் 57 கிலோ தங்கம் வென்ற தைவானின் லின் யூ-திங் லிவர்பூலுக்கு வரவில்லை என்பதையும் சிலர் நினைவூட்டுகிறார்கள். உண்மைதான். வராதவரை வெல்ல முடியாது. ஆனால் அந்த மேடையில் வெள்ளி வென்றவர் வந்தார், தோற்றார். ஒரு சாம்பியனின் தகுதியை எதிரே வந்து நின்றவர்களை வைத்துத்தான் அளக்க முடியும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒலிம்பிக் இறுதிச் சண்டை வரை போகக்கூடிய முதல் இந்தியர் என்று சொல்ல இன்று ஜாஸ்மினைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. நிலையான எடை, நீளக் கை, தோல்விக்குப் பிறகு திருந்திய ஆட்டம், வயது, நான்கும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம். பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான் உண்டு. 2026இல் கிளாஸ்கோ காமன்வெல்த், நகோயா ஆசிய விளையாட்டு இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுக்கிடையே கிடைக்கிற ஒவ்வொரு கோப்பைக்கும் இவரை இழுத்துச் சென்று எடை இறக்க வைக்காதீர்கள். அந்த வாரங்களில் முட்டி நுழையும் குட்டையான பெண்களை, உள்நாட்டில் கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்தாவது கூட்டி வந்து, பயிற்சிச் சண்டைக்கு எதிரே நிறுத்துங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 2028 ஜூலை 14 அன்று தொடங்குகிறது. அன்று ஜாஸ்மினுக்கு 26 வயது.